சுயவிபரக் கோவையை இணையத்தளம் எழுதித் தருமா?

வேலை தேடும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே இணையத்தில் சுயவிபரக் கோவை, அதாவது சீவி, தயாரிப்பதைச் சுற்றியே வந்ததால் ஒரே இதழில் பதில் தருகிறேன்.

ஐயா, இணையத்தளத்தில் அழகாகச் சீவி செய்து அனுப்பினால் வேலை கிடைக்குமா?
(பட்டதாரி, கல்லடி)

கிடைக்காது. அது வாசிக்கப்படும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்துக்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் நிரப்பி முடித்த பிறகு, தரவிறக்க 3 டொலர் கேட்கிறது. சின்னக் காசுதானே, கட்டலாமா?
(கணக்கியல் மாணவி, செங்கலடி)

கட்டாதீர்கள், தங்கச்சி. அந்த 3 டொலர் தூண்டிலில் குத்திய இறால். மீன் நீங்கள்.

இப்படிப் பல தளங்கள் இயங்குகின்றன. பெயர், பள்ளிக்கூடம், பெறுபேறு என்று எல்லாவற்றையும் நிரப்ப வைப்பார்கள். இவ்வளவு மினக்கெட்டு விட்டோமே என்று மனம் சொல்லும் நேரத்தில்தான் காசுக் கதை வரும். முதல் ஒன்றிரண்டு கிழமைக்கு ஏறக்குறைய 3 டொலர் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். நீங்களாக நிறுத்தாவிட்டால் நாலு கிழமைக்கு ஒருமுறை 25 டொலர் அளவில் அட்டையிலிருந்து தானாகவே கழியும் என்பது பொடி எழுத்தில் இருக்கும். டொலர் 300 ரூபா என்று வைத்தால் அது 7,500 ரூபா. செங்கலடியிலிருந்து கொழும்புக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்வர அந்தக் காசு போதும்.

அட்டை இலக்கத்தைக் கொடுத்துவிட்டவர்கள் இன்றே உள்ளே போய்ச் சந்தாவை ரத்துச் செய்யுங்கள். ரத்தானதாக மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். வராவிட்டால் வங்கிக்கு அறிவியுங்கள். கணக்கை அழித்துவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். நீங்கள் நிரப்பியது வீண் போகாது. திரையில் இருப்பதைப் பார்த்து வேறோரிடத்தில் தட்டச்சுச் செய்துகொள்ளுங்கள். அந்தத் தளம் உங்களுக்குச் செய்த ஒரே நன்மை, என்னென்ன கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்று காட்டியதுதான்.

அப்படியானால் உண்மையிலேயே இலவசமானது எது?
(உயர்தரம் முடித்தவர், ஆரையம்பதி)

கூகுள் டொக்ஸ். அதில் சுயவிபரக் கோவைக்கென்றே மாதிரிப் படிவங்கள் இருக்கின்றன. கைப்பேசியிலேயே எழுதி பி.டி.எஃப் ஆக எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் யூரோபாஸ் தளமும் இலவசம். நீங்கள் ஐரோப்பாவில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது நம் ஊர் முதலாளிக்குத் தேவையில்லாத பகுதிகளையும் கேட்கும், அவற்றை வெறுமையாக விட்டுவிடுங்கள். லிங்க்ட்இனில் பக்கம் வைத்திருப்பவர்கள் அதையே பி.டி.எஃப் ஆகச் சேமிக்கலாம். கன்வாவிலும் இலவசப் படிவங்கள் நிறைய உண்டு. கிரீடச் சின்னம் போட்டவை காசுக்குரியவை, அவற்றைத் தொடாதீர்கள்.

என்னைக் கேட்டால் முதலாவதே போதும் என்பேன்.

கன்வாவில் 'ஆங்கிலம் 80%, எக்செல் 90%' என்று பட்டை போட்டிருக்கிறேன். பார்க்க நன்றாக இருக்கிறது அல்லவா?
(வந்தாறுமூலை)

ஆங்கிலத்தில் எந்த 20% தெரியாது என்று நேர்முகத்தில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? பட்டைகளை எடுத்துவிட்டு, "ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவேன், தொலைபேசியில் பேசுவேன்" என்று எழுதுங்கள். எக்செலில் சம்பளப் பட்டியல் தயாரித்திருந்தால் அதை எழுதுங்கள். செய்த வேலையை எழுதினால் அதற்குமேல் விழுக்காடு தேவைப்படாது.

கொழும்புக் கம்பனிகளுக்கு ஐம்பது தடவை அனுப்பியிருப்பேன். ஒரு பதிலும் இல்லை. கணினியே நம் சீவியைக் கழித்துவிடுகிறது என்கிறார்களே, உண்மையா சேர்?
(காத்தான்குடி)

பாதி உண்மை. பெரிய கம்பனிகளும் பன்னாட்டு நிறுவனங்களும் ஏ.டி.எஸ் எனப்படும் மென்பொருளால் விண்ணப்பங்களைச் சேகரித்துத் தேடுகின்றன. அது உங்கள் தாளிலிருந்து எழுத்தை உருவியெடுத்துப் பெயர், படிப்பு, அனுபவம் என்று பிரித்து வைக்கும். இரண்டு நிரல், கட்டம், பெட்டிக்குள் எழுத்து, படமாகிவிட்ட எழுத்து என்றால் பல நேரம் தடுமாறிவிடும். அழகுக்குப் பேர்போன தளங்கள் தருகிற படிவங்கள் பலவற்றுக்கு இந்த வியாதி இருக்கிறது.

சோதித்துப் பார்க்கக் காசு வேண்டாம். உங்கள் பி.டி.எஃப்பைத் திறந்து, முழுவதையும் தெரிவு செய்து பிரதி எடுத்து, வெறும் நோட்பேடில் ஒட்டுங்கள். மேலிருந்து கீழாக ஒழுங்காக வந்தால் கணினியும் ஒழுங்காக வாசிக்கும். உங்கள் பாடசாலையின் பெயருக்கு நடுவில் தொலைபேசி இலக்கம் வந்து விழுந்தால் அந்தப் படிவத்தைக் கைவிடுங்கள்.

பிறகு மனிதக் கண்ணுக்கு வருவோம். அமெரிக்காவின் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் ஆட்சேர்ப்பாளர்களின் கண் அசைவைப் பதிந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சுயவிபரத்தின்மேல் முதல் பார்வை சராசரியாக 7.4 வினாடி நின்றது. அமெரிக்கக் கணக்கை அப்படியே கொழும்புக்குப் பொருத்தத் தேவையில்லை. ஆனால் எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அதற்கு என்ன தகுதி என்பது முதல் பக்கத்தின் மேல் பாதியிலேயே தெரிய வேண்டும். ஐம்பது இடத்துக்கும் ஒரே தாளையா அனுப்பினீர்கள்? டொப்ஜொப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் வந்த விளம்பரத்தில் அவர்கள் கேட்ட தகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உங்களிடம் உள்ளதை அதே சொல்லால் எழுதி ஐந்து இடத்துக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள், தம்பி.

நான் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். சீவி அடிக்க வருகிற பிள்ளைகளை இந்தத் தளங்கள் பறித்துவிட்டன. எங்கள் பிழைப்புக்கு என்ன வழி?
(களுவாஞ்சிகுடி)

உங்களிடம் இருக்கிற ஒன்று எந்தத் தளத்திடமும் இல்லை. எதிரில் இருக்கிற பிள்ளையிடம் திருப்பிக் கேள்வி கேட்க உங்களால் முடியும். "வேலை அனுபவம் இல்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால் தளம் அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிடும். நீங்கள் கேட்டால்தான், மாமாவின் வன்பொருள் கடையில் இரண்டு வருடம் கணக்குப் பார்த்த கதை வெளியே வரும்.

மூன்று விஷயத்தை மாற்றுங்கள். பாமினி எழுத்துருவை விடுங்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிய பழைய ஏற்பாடு. கோப்பை வேர்ட் ஆக அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முழுத் தாளும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பி.டி.எஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தெரியும், தேடினால் அகப்படாது. யூனிகோடில் அடியுங்கள். அடுத்து, எல்லாருக்கும் ஒரே பழைய கோப்பில் பெயரை மாற்றி அச்சிடும் பழக்கத்தை நிறுத்துங்கள். முன்னவரின் பெயர் ஓரிடத்தில் தங்கிப்போன சீவி என் கைக்கே வந்திருக்கிறது. மூன்றாவது, பிள்ளைக்குக் கோப்பைக் கொடுத்தனுப்புங்கள், உங்கள் கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். அடையாள அட்டைப் பிரதிகள் டெஸ்க்டொப்பில் வருடக்கணக்கில் கிடப்பது நல்லதல்ல.

இவற்றைச் செய்தால் நீங்கள் கேட்கிற காசு நியாயமான காசு.

வர்த்தமானியில் வந்த பதவிக்கு எந்த இணையத்தளத்தில் சீவி செய்யலாம்?
(வவுணதீவு)

எந்தத் தளத்திலும் வேண்டாம். வர்த்தமானியில் மாதிரி விண்ணப்பம் இருந்தால் அதே இலக்க ஒழுங்கில், அதே தாள் அளவில் தயாரிக்க வேண்டும். பரீட்சைத் திணைக்களத்தின் தளம் வழியாக விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தால் அதில் மட்டும். வயதும் தகைமையும் எந்தத் திகதிக்குக் கணக்கிடப்படும் என்று அறிவித்தலில் தேடிப் பாருங்கள். பதிவுத் தபால் என்றால் பதிவுத் தபால். கடித உறையின் இடப்பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொல்லியிருந்தால் எழுதுங்கள். தகுதியுள்ள பிள்ளைகள் இந்தச் சின்ன விஷயங்களில் தவறிப்போவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தை அந்தத் தளங்களில் கொடுக்கலாமா? நம் ஊர்ச் சீவியில் அது இருக்கத்தானே வேண்டும்?
(ஆசிரியப் பயிலுநர், மண்டூர்)

கொடுக்கக் கூடாது. நம் பழைய அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண்கள் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இலிருந்து வந்த 12 இலக்க அட்டையிலும் வருடமும் நாளும் அப்படியே உள்ளே இருக்கின்றன. ஆக, அந்த ஒரே இலக்கத்தைக் கொடுப்பவர் பிறந்த திகதியையும் பால் எது என்பதையும் சேர்த்தே கொடுக்கிறார். அதோடு முகவரி, தொலைபேசி, தகப்பன் பெயர் என்று சேர்ந்தால் உங்கள் பெயரில் வேறொருவர் எங்கேனும் கணக்குத் திறக்க வழி பிறக்கும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இன் 9ஆம் இலக்கமாக வந்திருக்கிறது. என்றாலும் வெளிநாட்டுத் தளத்துக்குக் கொடுத்த இலக்கத்தைத் திருப்பி வாங்குவது லேசான காரியமில்லை.

கேட்கிற நிறுவனத்துக்குக் கொடுங்கள். தாளைத் தரவிறக்கிய பிறகு உங்கள் கணினியில் அந்த வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்களைப் பற்றி விசாரிக்கத் தரும் இரண்டு பேரின் தொலைபேசி இலக்கங்களுக்கும் இதே விதிதான். அவை உங்களுடைய இலக்கங்களே அல்ல, அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

படகு எஞ்சின் திருத்துவேன். பதினைந்து வருடமாக வாவியில் ஓடுகிற பாதி எஞ்சின் என் கையால்தான் ஓடுது. சாதாரண தரம் சித்தியில்லை. அந்தத் தளம் 'கல்வித் தகைமை' என்ற இடத்தைத் தாண்ட விடுதில்லை. நான் என்ன எழுதுற?
(கொக்கட்டிச்சோலை)

தளத்தை விடுங்கள் அண்ணன். உங்களுக்கு முதலில் வேண்டியது வேறு.

இந்த நாட்டில் தேசிய தொழில் தகைமை என்ற ஏற்பாடு இருக்கிறது. என்.வி.கியூ என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஏழு மட்டங்கள். நாலாம் மட்டம் வரை தொழிற்சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். வகுப்புக்குப் போகாமல் வேலையைச் செய்தே கற்றுக்கொண்டவர்களையும் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். முன் கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை இதைச் செய்கிறது. மட்டக்களப்பில் அவர்களின் அலுவலகத்துக்குப் போய், உங்கள் வேலைக்குப் பொருந்தும் மோட்டார்த் துறைத் தகைமை எது என்று கேளுங்கள். திருத்திய எஞ்சின்களின் படங்கள், சாமான் வாங்கிய பற்றுச்சீட்டுகள், மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமிருந்து ஒரு கடிதம் என்று இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். பரிசோதகர் உங்கள் கையைப் பார்ப்பார், கேள்வி கேட்பார்.

அந்தச் சான்றிதழ் வந்த பிறகு உங்கள் சுயவிபரம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. போகவும் தேவையில்லை. "படகு எஞ்சின் திருத்துநர், 15 வருட அனுபவம், தேசிய தொழில் தகைமை" என்று தலைப்பிலேயே எழுதலாம். எந்தெந்த வகை எஞ்சின், எத்தனை குதிரைவலு என்று அடுத்த வரியில். வாவியின் இரு பக்கமும், படுவான்கரையிலும் எழுவான்கரையிலும், உங்களைப் போல எத்தனையோ பேர் கையில் தொழிலை வைத்துக்கொண்டு, தாளில் ஒன்றுமில்லாதவராக நிற்கிறார்கள். மேசனும் தச்சரும் தையல்காரியும் இதை வாசித்தால், இந்தப் பதில் உங்களுக்கும்தான்.

2006 கடைசியில் வாகரையிலிருந்து இடம்பெயர்ந்தோம். படிப்பு நின்றது, சான்றிதழும் தொலைந்தது. பிறகு கல்யாணம், பிள்ளைகள். இப்ப ஒரு தொண்டு நிறுவனத்தில் களப் பணியாளர் வேலைக்குப் போடச் சொல்கிறார்கள். வருடம் வருடமாக வெறுமையாக இருக்கிற வாழ்க்கையை எப்படி எழுதுவது?
(இரண்டு பிள்ளைகளின் தாய், வாகரை)

அக்கா, அந்த வருடங்கள் வெறுமையானவை அல்ல. உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஆறு வருடம் பொருளாளராக இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் தாளின் முதல் வரி. எத்தனை உறுப்பினர், எவ்வளவு கடன் கொடுத்து எவ்வளவு திரும்பி வந்தது, கணக்குப் புத்தகத்தை யார் பரிசோதித்தார்கள், எத்தனை கூட்டம் நடத்தினீர்கள்: இவற்றை எழுதுங்கள். களப் பணியாளரிடம் தொண்டு நிறுவனம் தேடுகிற திறமை இதுதான். சங்கத் தலைவியிடமோ பிரதேச செயலக உத்தியோகத்தரிடமோ ஒரு கடிதம் வாங்குங்கள்.

இடைவெளிக்கு ஒரே வரி: "2006–2007 போரினால் இடம்பெயர்வு, கல்வி தடைப்பட்டது." மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம். வருட வரிசையைக் கட்டாயப்படுத்தும் தளங்கள் உங்களுக்கு உதவாது. செய்த பணிகளை முதலிலும் வருடங்களைப் பிறகும் வைக்க ஒரு வெறும் தாள் போதும். தொலைந்த பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையவழி விண்ணப்பித்தே மீண்டும் பெறலாம். சுட்டெண் மறந்துவிட்டால் படித்த பாடசாலையில் முதலில் விசாரியுங்கள்.

பாசிக்குடா ஹோட்டலில் வேலைக்கு என்ன எழுதலாம்? அந்தத் தளம் 'கடின உழைப்பாளி, குழுவாக இயங்குபவன், புதுமை விரும்பி' என்று தானாகவே போட்டுத் தருகிறது.
(வாழைச்சேனை)

அந்த வரிகள் உங்களுக்கு முன் விண்ணப்பித்தவரிடமும் இருக்கும், பின் விண்ணப்பிப்பவரிடமும் இருக்கும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: "40 அறை ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் 14 மாதம். நாளுக்கு 12 அறை. சிங்களம் பேசுவேன். இரவுப் பணிக்கு வரலாம்." உங்கள் எண்கள் எதுவோ அதை எழுதுங்கள், கூட்ட வேண்டாம். கிழக்குக் கரையில் உல்லாசப் பயணிகள் பெருகுவது சித்திரைக்குப் பிறகு. தை, மாசியிலேயே தாளோடு நேரில் போய் நில்லுங்கள்.

சீவியில் படம் போடலாமா? கனடாவில் இருக்கிற சித்தப்பா கூடாது என்கிறார், கட்டாரில் இருக்கிற மச்சான் கட்டாயம் என்கிறார்.
(ஏறாவூர்)

இரண்டு பேரும் சரி. கனடா, பிரித்தானியா, அமெரிக்கா என்றால் படம், வயது, சமயம், திருமண நிலை எதுவும் வேண்டாம். வளைகுடாவில் படம் வழக்கம், இலங்கையிலும் பலர் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலான தளங்களின் படிவங்கள் அமெரிக்க வழக்கத்தைப் பார்த்துச் செய்தவை. சாதாரண தரப் பெறுபேற்றை எழுதவோ, கீழே கையொப்பத்தோடு உறுதிமொழி போடவோ அவற்றில் இடமிருக்காது. உள்ளூர் விண்ணப்பத்துக்கு அவற்றை நீங்களே சேர்க்க வேண்டும்.

கட்டாருக்கு ஆள் அனுப்புகிறவர், சீவி தயாரிக்க மட்டும் 15,000 ரூபா கேட்கிறார்.
(ஓட்டமாவடி)

கொடுக்காதீர்கள். முதலில் அவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து அது உண்மையா, வேலைக்கான அனுமதி வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். கடவுச்சீட்டைக் கையில் கொடுக்க வேண்டாம்.

சாட்ஜிபிடியிடம் சொன்னால் ஆங்கிலத்தில் பிரமாதமாக எழுதித் தருகிறதே?
(பட்டதாரி, மட்டக்களப்பு நகர்)

எழுத்துப் பிழை திருத்தவும் வாக்கியத்தைச் சுருக்கவும் பயன்படுத்துங்கள், அதில் நல்ல உதவிதான். ஆனால் நீங்கள் செய்யாததையும் செய்ததாக அது சேர்த்துவிடும். ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்து, "இதைப் பற்றி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச முடியுமா" என்று உங்களையே கேளுங்கள். முடியாத வரியை வெட்டுங்கள். தாளின் ஆங்கிலமும் வாயின் ஆங்கிலமும் வேறு வேறாக இருந்தால், அந்த நேர்முகம் முதல் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

பட்டதாரிக்கு வேலை கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. நாங்கள் ஏன் சீவி தூக்கித் திரிய வேண்டும்?
(பெயர் வேண்டாம் என்றவர்)

2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் நியமனத்துக்காகக் காத்திருந்தே முப்பது கடந்த பிள்ளைகளை நான் அறிவேன். போராட்டத்தில் நில்லுங்கள், தனியார் துறைக்கும் அனுப்புங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் அங்குள்ள தொழில் வழிகாட்டல் பிரிவுக்கு இறுதி வருடம் வரை காத்திராமல் இப்போதே போங்கள். எந்தத் தளத்தையும்விட அங்கே ஒரு மனிதர் உங்கள் தாளைப் பார்த்துக் குறை சொல்வது மேல்.

நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. இந்தப் பிள்ளைகளுக்கு என்னால் ஏதும் செய்ய முடியுமா?
(புளியந்தீவு)

முடியும், ரீச்சர். உங்களைப் போன்றவர்களிடமும் விடுமுறைக்கு ஊர் வருகிற பல்கலைக்கழகப் பிள்ளைகளிடமும் நான் கேட்பது ஒன்றுதான். சனிக்கிழமையில் இரண்டு மணி நேரம், ஒரு வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ ஒரு மடிக்கணினியோடு உட்காருங்கள். வாவிக்கு அந்தப் பக்கம், மண்முனைப் பாலம் தாண்டிப் போய் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. வருகிற பிள்ளையிடம் என்ன வேலை செய்திருக்கிறாய் என்று கேட்டு, அதை ஆங்கிலத்தில் ஒரு பக்கமாக எழுதிக் கொடுங்கள். எந்த ஊரில், எந்த நேரம் என்று இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் கட்டணமின்றி அறிவிப்போம்.